டிடெக்ட் ஈவில்: இந்த மந்திரம் எதைப் பார்க்கிறது?

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் அமெரிக்காவில் ஒரு சின்னப் பெட்டியாக வெளிவந்தது. பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். அதில் டிடெக்ட் ஈவில் என்ற மந்திரத்துக்கு ஓரிரு வரிதான் ஒதுக்கியிருந்தார்கள். ஓர் உயிரிடம் இருக்கும் தீய எண்ணத்தை, தீய நோக்கத்தை அது காட்டும். தீய மந்திரம் ஏறிய பொருளையும் காட்டும். கூடவே ஒரு குறிப்பு: நஞ்சு நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. அதாவது கிண்ணத்தில் நஞ்சு இருந்தால் மந்திரம் பேசாது. அதை ஊற்றித் தர நினைக்கிறவர் பக்கத்தில் நின்றால் பேசும்.

எங்களுக்கு இந்தக் குறிப்பில் ஒரு தனி விருப்பம். பிறகு வந்த பதிப்புகள் எல்லாம் சேர்ந்து தொலைத்தது இதைத்தான் என்று நினைக்கிறம்.

ஏனென்றால் அதே பெட்டியில் அலைன்மென்ட் என்று இன்னொரு விசயமும் இருந்தது. சார்பு என்று சொல்லலாம். ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே மூன்று பக்கம். போல் அன்டர்சன், மைக்கேல் மூர்கொக் ஆகியோரின் கதைகளிலிருந்து எடுத்தது. யார் எந்தப் படையில் நிற்கிறார் என்பதற்கான கணக்கு அது. மந்திரமோ தீமையைப் பற்றிப் பேசியது, படையைப் பற்றி அல்ல. குழப்பத்தின் பக்கம் நிற்கும் ஒரு சிப்பாய் காவல் கொட்டிலில் இருந்து தாயை நினைத்துக்கொண்டிருந்தால் மந்திரத்துக்கு அவன் தெரியமாட்டான். ஒழுங்கின் பக்கம் நிற்கும் ஒருத்தன் காணிக்காகத் தமையனை வெட்ட யோசித்தால் தெரிவான். பக்கம் வேறு, எண்ணம் வேறு.

இந்த இடைவெளி ஆக்களுக்குக் குழப்பமாக இருந்திருக்க வேணும். 1976இல் கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதி ஒழுங்கு-குழப்பம் ஒரு கோடு, நன்மை-தீமை இன்னொரு கோடு என்று பிரித்தார். 1978இல் வந்த பிளேயர்ஸ் ஹாண்ட்புக்கில் அது ஒன்பது கட்டமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். அந்தப் புத்தகத்தில்தான் நோ அலைன்மென்ட் என்ற சார்பறியும் மந்திரமும் இருக்கிறது. பூசகர் ஓதினால், முன்னால் நிற்கிறவரைச் சுற்றியிருக்கும் ஒளியை வாசித்து அவரின் கட்டம் எதுவென்று பிசகாமல் சொல்லலாம். ஒருமுறை ஓதினால் பத்துப் பேர் வரைக்கும் பார்க்கலாம்.

பத்துப் பேரை முன்னால் நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்வது. வட்டக்கச்சியில் எங்கட மேசையில் இந்த விதியை முதல் தரம் தமிழில் வாசித்துக் காட்டினபோது ஒருத்தர் மெதுவாகச் சொன்னார்: "இது தலையாட்டி எல்லோ."

தெரியாத தம்பி தங்கச்சிகளுக்கு: இந்திய இராணுவம் இங்கே நின்ற 1987–1990 காலத்திலும், முன்னும் பின்னும் இலங்கை இராணுவத்தின் சுற்றிவளைப்புகளிலும் ஊர்ச்சனத்தைப் பள்ளிக்கூட வளவிலோ கோயில் வீதியிலோ கூட்டி இருத்துவார்கள். பிறகு வரிசையாக நடக்கச் சொல்லுவார்கள். வரிசை போய் முடிகிற இடத்தில் முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தர் இருப்பார். கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அவர் தலையை ஆட்டினால் நீங்கள் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மற்றப் பக்கம். விளக்கம் கிடையாது, கேள்வி கிடையாது. ஆட்டுப்பட்டவர்களில் திரும்பி வராதவர்கள் உண்டு.

தலையாட்டி எதைப் பார்த்தார்? செய்த வேலையையா, ஆளையா, பழைய கோபத்தையா, தனக்குப் பின்னால் நின்ற துவக்கையா? அவர்களில் பலர் தாங்களே பிடிபட்டு வதைபட்டவர்கள். இன்றைக்கு யாரையாவது காட்டினால்தான் தனக்கு நாளைக்கு விடியும் என்ற நிலையில் இருந்தவர்கள். நோ அலைன்மென்ட் மந்திரத்துக்கும் இதற்கும் ஒரேயொரு வித்தியாசம்தான்: விளையாட்டில் மந்திரம் பிழைக்காது என்று புத்தகமே உத்தரவாதம் தருகிறது. மற்றதெல்லாம் ஒன்று. ஆள் என்ன செய்தார் என்று அதுவும் சொல்லாது.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் ஏலாது. துரோகி என்று எழுதின மட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு மின்கம்பத்தில் கட்டியது எங்கட இயக்கங்கள். அங்கேயும் ஒரு சொல்தான் கட்டம், அந்தச் சொல்தான் தீர்ப்பு.

மேசையில் இந்தப் பிரச்சினையைக் கொண்டுவருகிறவர் பெரும்பாலும் பலடின், அதாவது தெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட வீரர். 1978 விதிப்படி அவருக்கு மந்திரமே தேவையில்லை. ஒரு திசையில் மனதைக் குவித்தால் 60 அடிக்குள் இருக்கும் தீமை தெரியும், எத்தனை தரமும் பார்க்கலாம். சந்தைக்குள் போனவுடன் ஒரு பலடின் சுற்றிப் பார்க்கிறார், கருவாடு விற்கிறவர் தீயவர் என்று தெரிகிறது. வாளை உருவலாமா? விதி இதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தக் கருவாட்டுக்காரர் தராசில் கள்ளம் செய்கிறவராகவும் இருக்கலாம், பிள்ளைகளைக் கடத்துகிறவராகவும் இருக்கலாம். கட்டம் ஒன்றுதான்.

எழுதினவர்களுக்கும் இது உறுத்தியிருக்கிறது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் டிடெக்ட் ஈவிலுக்குக் கடிவாளம் போட்டார்கள். சாதாரண ஆளின் சார்பு அதில் தெரியாது. குறைந்தது ஒன்பதாம் படியை எட்டிய, தன் கொள்கையில் உறுதியாக நிற்கிற ஒருவர், அந்த நேரத்தில் அதற்கேற்ற செயலில் இறங்கியிருந்தால் மட்டும் தெரியக்கூடும். அதோடு, ஒருத்தரின் சார்பு என்னவென்று கேட்பதே மரியாதையில்லை, மந்திரம் ஓதிப் பார்ப்பதும் அதேயளவு அவமதிப்பு என்றும் எழுதினார்கள். "நீர் எந்தப் பக்கம்?" என்ற கேள்வியைக் கேட்டு வளர்ந்த ஊரில் இருந்து பார்த்தால், அந்தப் பதிப்பிலேயே பெறுமதியான விதி இதுதான்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பும், 2003இல் அதைத் திருத்தி வந்த மூன்றரையும் கடிவாளத்தைக் கழற்றிவிட்டன. இப்போது மந்திரம் ஒரு கருவி மாதிரி வேலை செய்யும். முதல் சுற்றில் தீமை இருக்கா இல்லையா, இரண்டாவதில் எத்தனை, மூன்றாவதில் எது எங்கே. ஒளியின் பலத்துக்கு அட்டவணையும் உண்டு. அந்த அட்டவணையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேணும். பத்து உயிர்ப்பகடைக்கு உட்பட்ட ஒரு கொடுங்கோலன், ஊரையே எரித்தவனாக இருந்தாலும், மங்கலாகத்தான் தெரிவான். தீய தெய்வத்தின் ஐந்தாம் படிப் பூசகரோ பலமாகத் தெரிவார். இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பூசகரின் சார்பு அவர் தெய்வத்தின் சார்பிலிருந்து ஒரு கட்டம் தள்ளி இருக்கலாம். அப்படியானால் தான் தீயவரே இல்லாத ஒரு நடுநிலைப் பூசகரும், தெய்வத்தின் பேரால் தீமையாக ஒளிர்வார். மந்திரம் பார்ப்பது அவரின் மனதை அல்ல, அவரின் தொடர்பை.

தொடர்பு என்றால் என்ன என்று வன்னிக்குச் சொல்லத் தேவையில்லை. 2009இல் சனம் ஓமந்தையைக் கடக்கும்போது, இயக்கத்தில் ஒருநாள் இருந்திருந்தாலும் வந்து பதியச் சொல்லி அறிவித்தார்கள். வீட்டுக்கொருவர் என்று பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளையும், இருபது வருடம் களத்தில் நின்றவரும், கணக்கெழுதினவரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கினார்கள். புனர்வாழ்வு என்ற பேரில் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் 11,000க்கு மேல். அட்டவணையில் எல்லாருக்கும் ஒரே ஒளி.

2008இல் நான்காம் பதிப்பு ஒன்பது கட்டத்தை ஐந்தாகக் குறைத்தது, பலடினின் தீமை அறியும் கண்ணையும் எடுத்துவிட்டது. 2014இல் ஐந்தாம் பதிப்பு மந்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது, ஆனால் பேரில் மட்டும்தான் அது பழைய மந்திரம். டிடெக்ட் ஈவில் அன்ட் குட் இப்போது 30 அடிக்குள் பேய், தேவர், பிணமுயிரி போன்ற இனங்கள் இருக்கிறதா என்று சொல்லும். மனிதரை அது பார்க்கவே பார்க்காது. (மூன்றடி மண் இருந்தால் மந்திரம் தடைப்படும் என்ற விதியும் இருக்கிறது. பதுங்குகுழி வெட்டிப் பழகின ஆக்களுக்கு இது பெரிய கணக்கில்லை.)

கனபேர் இதோடு பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. மனதைப் பார்ப்பதை விட்டுவிட்டு இனத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். 1977இல் வந்த மொன்ஸ்டர் மனுவலிலேயே ராட்சதர் இருக்கிறார்கள். படத்தில் புலித்தலை, வாயில் சுங்கான். (புலித்தலையை வைத்து எங்கட மேசையில் நடந்த பகிடிகளை எழுதாமல் விடுவம்.) ஐந்தாம் பதிப்பில் ராட்சதர் பேய் இனம். அப்படியானால் வீடணன்?

கம்பராமாயணத்தில் வீடணன் அடைக்கலப் படலம் முழுக்க இந்தக் கேள்விதான். கடற்கரையில் வந்து நிற்கிறான் இராவணனின் தம்பி, அரக்கன். சேர்க்கலாமா என்று இராமன் எல்லாரிடமும் கேட்கிறான். சுக்கிரீவன் கூடாது என்கிறான், அவன் பார்ப்பது இனத்தையும் பக்கத்தையும். அனுமன் சேர்க்கலாம் என்கிறான். தூதனைக் கொல்லக்கூடாது என்று இராவணன் சபையில் வீடணன் எழுந்து பேசினதை நேரில் கண்டவன் அனுமன். அந்தத் தூதனே அவன்தான்.

இதில் ஒரு வேடிக்கை. 2014 விதிப்படி ராட்சதரை ஆறாம் படி வரைக்குமான மந்திரங்களால் கண்டுபிடிக்க முடியாது, அவர்களாக விரும்பினால் ஒழிய. டிடெக்ட் ஈவில் அன்ட் குட் முதலாம் படி. ஆகவே ஒளித்துக்கொண்டு வருகிற ஒற்றன் தெரியமாட்டான். அடைக்கலம் கேட்டு, பாருங்கோ என்று நெஞ்சைத் திறந்து நிற்கிற வீடணன் மட்டும் பேய் என்று தெரிவான்.

எங்கட மேசையில் இப்போது 1974ஐத்தான் பாவிக்கிறம். மந்திரம் அந்த நொடியில் இருக்கிற எண்ணத்தை மட்டும் சொல்லும். பசியில் பாண் திருட யோசிக்கிற பெடியன் தெரிவான், ஊரை எரித்துவிட்டு நித்திரையாகிக் கிடக்கிற தளபதி தெரியமாட்டார். பிறகு பலடின் ஊருக்குள் போய் ஆக்களிட்ட விசாரிக்க வேணும், யார் என்ன செய்தது எண்டு. பலடின் விளையாடுகிறவர் இதைப் பற்றி ஒவ்வொரு கிழமையும் முறைப்பாடு சொல்லுகிறார். சண்டை தொடங்க ஒன்றரை மணித்தியாலம் ஆகுதாம்.