ஒரு கருங்கல்லும் நூறாண்டுத் தேடலும்



சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமுக்கு அருகில் ரெசாரோ என்னும் தீவு உண்டு. அத்தீவில் இட்டர்பி என்றொரு சிற்றூர். உலகப் படத்தில் எளிதில் அகப்படாத இவ்வூரின் பெயரை இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் ஆகிய நான்கு தனிமங்கள் தாங்கி நிற்கின்றன. இப்பெருமை அவ்வூருக்கு எவ்வாறு வந்தது என்பதை இன்று காண்போம்.

இட்டர்பியில் ஒரு கல்லுடைப்புக் குழி இருந்தது. அங்குள்ள பாறை பெக்மடைட் வகையைச் சேர்ந்தது. பூமிக்கடியில் கருங்கற்பாறைக் குழம்பு ஆறும்போது, பெரும்பகுதி முதலில் இறுகிவிடுகிறது. நீர் மிகுந்த கடைசிக் குழம்பு வெடிப்புகளில் புகுந்து, பெரிய படிகங்களாக உறைகிறது. இதுவே பெக்மடைட். மற்றப் படிகங்களில் இடம் கிடைக்காத அணுக்கள் இந்தக் கடைசிக் குழம்பில் வந்து சேர்கின்றன. ஆகவேதான் அரிய கனிமங்களை இங்கே காண்கிறோம்.

1787ஆம் ஆண்டில் கார்ல் ஆக்சல் அரேனியஸ் என்னும் படை அதிகாரி, அக்குழியில் நிலக்கரி போன்று கறுத்த, கனமான கல் ஒன்றைக் கண்டெடுத்தார். பின்லாந்தின் துர்க்கு நகரப் பேராசிரியர் யோகன் கடோலின் அதனைப் பகுத்து ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத புதிய 'மண்' ஒன்று அதில் இருப்பதாக 1794இல் அறிவித்தார். உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்த பொருளை அக்காலத்தில் மண் என்றே அழைத்தனர். அருமண் என்னும் பெயர் இவ்வழியே வந்ததுதான். அம்மண் இட்ரியா எனவும், அக்கல் கடோலினைட் எனவும் பெயர் பெற்றன.

இட்ரியா ஒரே பொருள் என்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அறிஞர் நம்பினர். 1843இல் கார்ல் மொசாண்டர் அதனைக் கரைத்து, அம்மோனியாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் படியவைத்தபோது மூன்று மண்கள் பிரிந்தன. 1878இல் மரிஞ்ஞாக் இட்டெர்பியத்தைப் பிரித்தார். மறு ஆண்டில் கிளேவ் ஹோல்மியத்தையும் தூலியத்தையும் கண்டார். 1907இல் இட்டெர்பியமும் இரண்டாகப் பிரிந்து லுட்டீசியத்தைத் தந்தது. தூய்மையானது என்று முடிவு கட்டிய ஒவ்வொன்றும் கலவையாகவே இருந்தது!

இத்தனை தொல்லைக்கும் காரணம் யாது? கடோலினைட்டின் அமைப்பைப் பார்ப்போம். நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்த சிலிக்கனும், அவ்வாறே சூழப்பட்ட பெரிலியமும் கைகோத்துத் தகடுகளாகப் பரவியுள்ளன. தகடுகளுக்கு இடையே இட்ரியம் அமர்கிறது. வகுப்பில் ஓர் இருக்கை காலியானால், அதே உடல்வாகுள்ள வேறொரு மாணவன் அமரலாம் அல்லவா? எர்பியமும் ஹோல்மியமும் அளவில் இட்ரியத்தை மிகவும் ஒத்தவை, மின்னூட்டமும் ஒன்றே. ஆதலால் அவ்விருக்கையில் இவையும் அமர்கின்றன. படிகத்தில் இடம் மாறக்கூடியவை, ஆய்வுக் குடுவையிலும் ஒன்றாகவே கரைந்து, ஒன்றாகவே படிகின்றன.

அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் என்பவர் தூய தூலியத்தைப் பெறுவதற்கு ஏறத்தாழ 15,000 முறை படிகமாக்கினார் என்றால், அவர் பொறுமையை என்னென்று சொல்வது!

ஆனால் பொறுமை மட்டும் போதவில்லை. இன்னும் எத்தனை தனிமங்கள் ஒளிந்திருக்கின்றன என்று எவராலும் கூற முடியவில்லை. 1913, 1914ஆம் ஆண்டுகளில் மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு தனிமங்களுக்கு வரிசை எண் கண்டார். 57ஆம் எண்ணுடைய லாந்தனம் முதல் 71ஆம் எண்ணுடைய லுட்டீசியம் வரை 15 இடங்களே உள்ளன என்றும், அவற்றில் 61ஆம் இடம் மட்டும் நிரம்பவில்லை என்றும் தெளிவாயிற்று. அவரோ 1915இல் கலிப்போலிப் போர்க்களத்தில் தம் 27ஆம் வயதில் மாண்டார். 61ஆம் தனிமமான புரோமீத்தியம் 1945இல் கண்டறியப்பட்டது.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. நம் ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சும் அமாங் எனும் கனத்த மணலில் செனோடைம் என்னும் கனிமம் உண்டு. அது இட்ரியத்தின் பாஸ்பேட். கடோலின் கண்ட அதே குடும்பம், பல்லாண்டுக்காலம் நம் காலடியில் கழிவாகக் கிடந்திருக்கிறது.

மாணவர்களே, கடோலின் தொடங்கிய வேலை முடிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 'இது முடிந்த விடைதானா?' என்று ஒவ்வொரு தலைமுறையும் மறுபடியும் கேட்டதனால்தான் அது முடிந்தது. அக்கேள்வியை நாமும் கைவிடலாகாது.