பற்றாக்குறை ஈன்ற கருவிகள்

வீட்டில் லினக்ஸ் கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, குடும்பப் புகைப்படங்களையும் கடிதங்களையும் வரவுசெலவுக் கணக்குகளையும் அதிலே சேர்த்துவரும் ஒருவர், இவற்றுக்கு எதைக்கொண்டு பேக்கப் எடுத்துவைப்பது என்று விசாரிக்கத் தொடங்கினால், டார், ஆர்சிங்க், டைம்ஷிஃப்ட், போர்க், ரெஸ்டிக் என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்லி அவரைத் திகைக்க வைத்துவிடுவார்கள். எல்லாம் நல்ல கருவிகளே. ஆயினும் ஒன்று செய்வதை மற்றொன்று செய்வதில்லை. இந்தப் பேதத்துக்குக் காரணம் அவற்றின் சரித்திரத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் ஏதோ ஒரு சாதனம் போதாமல் இருந்ததனால் பிறந்தது. அந்தப் பற்றாக்குறை தீர்ந்துபோன பிறகும் கருவியின் அமைப்பில் அதன் தழும்பு அழியாமல் நிற்கிறது.

1969ஆம் ஆண்டு, அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்து மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், கென் தாம்ஸனும் டெனிஸ் ரிச்சியும் அவர்களுடைய சகாக்களும் யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். லினக்ஸுக்கு முன்மாதிரி அதுவே. அக்காலத்து வட்டு, கொள்ளளவில் சிறியதும் விலையில் பெரியதுமாக இருந்தபடியால், நெடுநாள் காக்கவேண்டியவற்றைக் காந்த நாடாவில் பதிந்து அலமாரியில் அடுக்கிவிட்டு, வட்டை அன்றாட வேலைக்கு ஒழித்துக்கொள்வதே வழக்கமாயிற்று. 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு டார் வெளிவந்தது. நாடாவை முதலிலிருந்து ஓட்டித்தான் படிக்க முடியுமேயன்றி, நினைத்த இடத்துக்கு உடனே தாவ முடியாதாகையால், பெயர், உடையவர், அளவு, தேதி ஆகிய விவரங்களைத் தாங்கிய 512 பைட் முகப்பு ஒன்றை ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் செல்லும் முறையை டார் கைக்கொண்டது. மொத்தத்துக்கும் பொதுவான பொருளடக்கம் ஒன்றை அது வைத்துக்கொள்ளவில்லை.

இதனால் விளைந்த சங்கடமும் சௌகரியமும் இன்றும் தொடர்கின்றன. பெரிய டார் பொதியிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுக்க வேண்டுமானாலும் பொதியைத் தலைப்பிலிருந்து தேடிக்கொண்டு வரவேண்டியதுதான். அதே சமயம், நடுவில் ஓரிடம் பழுதுபட்டாலும், ஒவ்வொரு கோப்பும் தன் முகவரியைத் தானே சுமப்பதனால் மற்றவற்றை மீட்டுக்கொள்ளலாம். அப்பொதியை ஜிஜிப் கொண்டு சுருக்கிவிட்டாலோ இந்தக் குணம் பெரும்பாலும் போய்விடுகிறது. பழுதுக்குப் பின்னால் உள்ளவை கிடைப்பது அரிது. ஒரே ஓர் எழுத்து மட்டும் அடங்கிய கோப்பை இன்றைய லினக்ஸில் டார் செய்து பார்த்தால், பொதியின் அளவு 10,240 பைட் என்று காட்டும். 512 பைட் தொகுதிகளை இருபது இருபதாகச் சேர்த்து நாடாவில் எழுதிய காலத்துக் கணக்கு அது. நாடாவையே கண்ணால் கண்டிராதவரும் அந்தக் கணக்கைத் தம்மையறியாமல் சுமந்துகொண்டிருக்கிறார்.

நாடாக்களும் இரவு நேரமும் போதாத நிலையில், டம்ப் என்ற கருவி 0 முதல் 9 வரை படிகளை வகுத்தது: 0 என்றால் முழுப் பிரதி, மேலுள்ள எண் ஒவ்வொன்றும், தன்னிலும் தாழ்ந்த எண்ணில் கடைசியாக எடுத்த பிரதிக்குப் பின் மாறியவற்றை மட்டும் பதியும். மாறியதை மட்டும் எடு என்ற அந்தச் சித்தாந்தம் நிலைத்தது. உபயோகத்தில் இருக்கும் வட்டைக் கோப்பு முறைமையின் வழியாகவன்றி நேரே படிப்பதனால் வரும் அபாயத்தைச் சுட்டி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2001இல் டம்ப் கருவியைக் கடுமையாகக் கண்டித்தார்.

அடுத்த பற்றாக்குறை தொலைபேசிக் கம்பியில் ஏற்பட்டது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மக்கெராஸும் 1996இல் கான்பெர்ராவிலிருந்து ஆர்சிங்க் கருவியை வெளியிட்டனர். ஒரே பேரேட்டின் இரு பிரதிகளை இரண்டு ஊர்களில் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளைகள், தொலைபேசிக் கட்டணத்துக்கு அஞ்சி, வரிவரியாக வாசித்துக்காட்டாமல் பக்கத்து மொத்தங்களை மட்டும் சொல்லி ஒத்துப்பார்ப்பது போன்றது அதன் யுக்தி. ஆனால் முதற்பக்கத்தில் ஒரு வரி புதிதாக நுழைந்துவிட்டால், அதற்குப் பின்வரும் பக்கங்களின் மொத்தமெல்லாம் மாறிப்போகுமே! இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம்தான் ஆர்சிங்கின் உயிர்நாடி: அனுப்புகிற யந்திரம் பக்கத்தின் தொடக்கத்தில் மட்டும் நில்லாமல், ஒவ்வொரு பைட்டிலிருந்தும் ஒரு பக்க அளவுக்கு மொத்தம் கட்டிப் பார்க்கிறது. முன்னால் ஒரு பைட்டைக் கழித்துப் பின்னால் ஒன்றைக் கூட்டினால் புது மொத்தம் கிடைத்துவிடுமாறு கணக்கை அமைத்துக்கொண்டதனால் இவ்வளவு பெரிய வேலை விரைவில் முடிகிறது. அந்த எளிய மொத்தம் பொருந்தியபோது மட்டும் வலுவான இரண்டாவது சோதனை நடக்கிறது. பொருந்தாத பகுதிகளே கம்பியில் செல்கின்றன. டிரிட்ஜெல் 1999இல் அளித்த ஆய்வேட்டிலும் இது இடம்பெற்றது.

இதில் விசேஷம் என்னவெனில், நாம் வீட்டில் யுஎஸ்பி வட்டைச் செருகி ஆர்சிங்க் செய்யும்போது இந்தப் புகழ்பெற்ற கணக்கு நடப்பதே இல்லை. கோப்பின் அளவோ தேதியோ மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, மாறியிருந்தால் முழுக் கோப்பையும் நகலெடுத்துவிடுகிறது. கம்பியே இல்லாத இடத்தில் கம்பிக்குச் சிக்கனம் எதற்கு?

பிறகு வட்டுகள் மலிந்தன. ஆயினும் நாள்தோறும் ஒரு முழுப் பிரதி வைக்கும் அளவுக்கு மலியவில்லை. ஆகவே, மாறாத கோப்புக்குப் புதிய நகல் எடுக்காமல், பழைய நகலுக்கே ஹார்ட் லிங்க் என்னும் இன்னொரு பெயரைச் சூட்டி, ஒவ்வொரு நாளின் கோப்புறையும் முழுமையாகத் தோன்றும்படி செய்யும் முறை பரவியது. ஆர்ஸ்னாப்ஷாட் அவ்வழியில் எழுந்தது. முப்பது நாள் பிரதிகள் போலக் கண்ணுக்குத் தெரிந்தாலும், மாறாத கோப்பு உண்மையில் ஒன்றே. அது கெட்டால் முப்பதும் கெட்டன. 2017இல் லினக்ஸ் மின்ட் தன்னோடு சேர்த்தளித்த டைம்ஷிஃப்டும் இந்த உபாயத்தைக் கையாளும். ஆனால் அது இயங்குதளத்தைக் காப்பதற்கென அமைந்தது, நாமாகச் சொன்னாலன்றி நம் சொந்தக் கோப்புகளைத் தொடாது.

அந்நியருடைய யந்திரத்தில் பிரதியை வைக்கும் வழக்கம் வந்தபோது குறைபட்டது நம்பிக்கை. ஆட்டிக் என்ற கருவியிலிருந்து 2015இல் கிளைத்த போர்க்கும், ரெஸ்டிக்கும், கோப்பை அதன் உள்ளடக்கத்தை ஒட்டித் துண்டுகளாக்கி, ஒரே துண்டை இருமுறை வைக்காமல், மறையாக்கமும் செய்து வைக்கின்றன. துண்டின் எல்லையைக் காண அவை கையாளும் உருளும் கணக்கு, கான்பெர்ராவில் கண்டதன் இனத்தையே சேர்ந்தது. சாவிச்சொல்லை மறந்தவருக்கோ அதன்பின் கதியில்லை.

1996இல் தம் வட்டு பழுதுபட்டபோது டோர்வால்ட்ஸ், முக்கியமானதை இணையத்தில் போட்டுவிட்டால் உலகமே பிரதி எடுத்துக்கொள்ளும், நாடா எதற்கு என்று பரிகாசமாகச் சொன்னார். லினக்ஸ் கெர்னலுக்கு அது பொருந்தும். நம் வீட்டுக் கல்யாணப் படத்தை எந்த உலகம் பிரதி எடுக்கும்? ஆகவே மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ வகுத்த விதியே சாமானியருக்கு ஏற்றது.

நாடாவும் கம்பியும் வட்டும் இன்று குறைவின்றிக் கிடைக்கின்றன. குறைவாக இருப்பது நம்முடைய கவனம் ஒன்றே. 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழிந்தபோது, பேக்கப் சரியாகப் பதிவாகவில்லை என்பது அப்பொழுதுதான் வெளிப்பட்டது. ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக வைத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. எனவே வீட்டு உபயோகத்துக்குக் கருவியைத் தெரிந்தெடுப்பவர், இரண்டு கேள்விகளை முன்வைத்தால் போதும்: நான் மறந்திருக்கும் வேளையிலும் இது குறித்த நேரத்தில் தானே ஓடுமா? இதிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டு, திறந்து பார்த்தேனா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால், ஆர்சிங்கும் சரி, போர்க்கும் சரி, நாற்பது ஆண்டுகளைக் கடந்த டாரும் சரிதான். சொல்ல முடியாவிட்டால், நேற்று வந்த கருவியும் பிரயோஜனப்படாது.