போர்க்கால மொழிப் பயிற்சியில் பேச்சும் எழுத்தும்: அமெரிக்கப் படைத்துறைப் பள்ளிகள், 1941–1946

1. முன்னுரை

இரண்டாம் மொழி கற்பித்தலின் வரலாற்றை எழுதுவோர் 'படைத்துறை முறை' என்னும் தொடரைத் தவறாமல் கையாளுகின்றனர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் படைவீரர்களுக்குப் பிறமொழிகளைக் கற்பிக்க உருவான முறை இது என்றும், பேச்சுமொழிக்கு முதன்மை தந்து இலக்கண-மொழிபெயர்ப்பு முறையைப் பின்தள்ளியது என்றும், பின்னாளில் கேட்டல்-பேசல் முறைக்கு வழிவகுத்தது என்றும் விளக்கம் தரப்படுகிறது. இவ்விளக்கம் தவறன்று, ஆனால் முழுமையானதும் அன்று. அதே போரில், அதே நாட்டின் படைத்துறை, முற்றிலும் வேறான அடிப்படையில் மற்றொரு பயிற்சியையும் நடத்தியது. அதில் எழுத்துமொழியும் மொழிபெயர்ப்பும் மையமாக நின்றன. இவ்விரு முயற்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்கி, அவற்றுள் ஒன்று மட்டும் கற்பித்தல் வரலாற்றில் நிலைபெற்றதன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. செறிவு மொழித் திட்டம்

1941-இல் அமெரிக்கக் கல்விசார் கழகங்களின் பேரவை, ராக்பெல்லர் நிறுவனத்தின் நிதியுதவியுடன் செறிவு மொழித் திட்டத்தைத் தொடங்கியது. மார்ட்டிமர் கிரேவ்ஸ், மில்டன் கோவன் ஆகியோர் இதனை வழிநடத்தினர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அதுவரை பெரிதும் கற்பிக்கப்பட்டவை ஐரோப்பிய மொழிகளே. ஆசிய மொழிகள் பலவற்றுக்குப் பாடநூலும் இல்லை, பயிற்சி பெற்ற ஆசிரியரும் இல்லை. எழுத்து வடிவம் பெறாத அமெரிக்க இந்திய மொழிகளைக் களப்பணி வழியே விளக்கிப் பழகிய மொழியியலாரே இந்நிலையில் துணைக்கு அழைக்கப்பட்டனர். களப்பணியில் ஆய்வாளருக்கும் தகவலாளருக்கும் இடையே நிலவிய உறவு அப்படியே வகுப்பறைக்குள் இடம் பெயர்ந்தது.

அமெரிக்க மொழியியல் கழகம் 1942-இல் இரண்டு சிறு நூல்களை வெளியிட்டது. ஒன்று, லியோனார்டு புளூம்ஃபீல்டு பிறமொழிகளை நடைமுறையில் கற்போருக்காக எழுதிய வழிகாட்டி. மற்றொன்று, பெர்னார்டு பிளாக்கும் ஜார்ஜ் டிரேகரும் எழுதிய மொழியியல் பகுப்பாய்வுச் சுருக்கம். மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோரே அம்மொழிக்குரிய சான்று. ஆனால் அவரிடம் இலக்கண விளக்கம் கேட்டல் கூடாது. அவர் சொல்வதைக் கேட்டு, திரும்பச் சொல்லி, குறித்துக்கொண்டு, அமைப்பைக் கற்பவரே கண்டறிய வேண்டும் என்பது புளூம்ஃபீல்டின் கருத்து.

1942-இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட படைத்துறைச் சிறப்புப் பயிற்சித் திட்டம் இக்கொள்கையைப் பெரிய அளவில் செயற்படுத்தியது. 1943-இல் 55 பல்கலைக்கழகங்கள் மொழிப் பயிற்சியில் ஈடுபட்டன. சிறு குழுக்கள், நாள்தோறும் பல மணி நேரப் பயிற்சி, தாய்மொழியாளர் முன்னிலையில் இடைவிடாத வாய்மொழிப் பழக்கம், மொழியியலார் தரும் சுருக்கமான அமைப்பு விளக்கம் ஆகியவை இதன் கூறுகள். பேச்சு ரஷ்யன், பேச்சு பர்மியம், பேச்சு தாய், பேச்சு மலாய் எனப் 'பேச்சு' என்னும் அடையுடன் ஒரு பாடநூல் வரிசையே தோன்றியது. ஹென்றி ஹோனிக்ஸ்வால்டு எழுதிய பேச்சு இந்துஸ்தானி 1945-இல் வெளிவந்தது. இந்நூல்களுள் பல அந்தந்த மொழியின் எழுத்தைத் தவிர்த்து, ரோமன் எழுத்தில் அமைந்த ஒலிபெயர்ப்பையே கையாண்டன.

இத்திட்டம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. ஐரோப்பியப் படையெடுப்புக்கு ஆள் தேவைப்பட்டதால் 1944 பிப்ரவரியில் இது பெருமளவு குறைக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்களுள் பெரும்பாலோர் காலாட்படைக்கு மாற்றப்பட்டனர். தாம் கற்ற மொழியை ஒருநாளும் பயன்படுத்த வாய்ப்புப் பெறாதோர் பலர். ஆகவே, இத்திட்டத்தின் வெற்றி பெரிதும் வகுப்பறையில் கண்ட வெற்றியே என்பது இங்குக் கருதத்தக்கது.

3. படைத்துறைப் புலனாய்வு மொழிப் பள்ளி

ஜப்பானுடன் போர் மூளும் என்று எதிர்பார்த்த தரைப்படை, 1941 நவம்பர் 1-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ முகாமில், கைவிடப்பட்ட விமானக் கொட்டகை ஒன்றில், ஜப்பானிய மொழிப் பள்ளியைத் தொடங்கியது. பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கு ஐந்து வாரங்கள் முன்னர் நடந்தது இது. முதல் வகுப்பில் மாணவர் 60 பேர். அவர்களுள் 58 பேர் 'நிசெய்' எனப்படும் இரண்டாம் தலைமுறை ஜப்பானிய அமெரிக்கர்கள். ஆசிரியர்கள் நால்வர். தலைமை ஆசிரியரான ஜான் ஐசோ, ஹார்வர்டில் சட்டம் பயின்றவராயினும் படையில் ஊர்தி பழுதுபார்க்கும் பிரிவில் அமர்த்தப்பட்டிருந்தவர்.

ஜப்பானிய மரபினர் அனைவரும் ஜப்பானிய மொழி வல்லுநர் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே பொய்த்தது. ஏறத்தாழ 3,700 நிசெய் வீரர்களை ஆராய்ந்தபோது நூற்றுக்கு மூவரே மொழியில் முழுத் தேர்ச்சி உடையவராக இருந்தனர். வீட்டில் பேசும் மொழி வேறு, படைத்துறை ஆவணத்தின் மொழி வேறு என்பது இதனால் தெளிவாயிற்று. ஆகவே பாடத்திட்டம் எழுத்துமொழியை நோக்கியே அமைந்தது. நகநூமா பாடநூல்கள், கான்ஜி எழுத்துகள், 'சோஷோ' எனப்படும் கொடிவழி எழுத்து, படைத்துறைக் கலைச்சொற்கள், கைதிகளை வினவும் முறை, மொழிபெயர்ப்பு ஆகியவை கற்பிக்கப்பட்டன. ஆறு மாதப் பாடம் பகல் முழுதும் நடந்தது. மாலையிலும் கட்டாயப் படிப்பு உண்டு. விளக்கணைத்த பிறகு கழிப்பறை விளக்கொளியில் படித்தோரும் இருந்தனர்.

1942 பிப்ரவரி 19-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066-ஆம் ஆணையின் விளைவாக, ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் மேற்குக் கடற்கரையிலிருந்து அகற்றப்பட்டு முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். பள்ளியும் அக்கடற்கரையில் இருக்க முடியாமல் அவ்வாண்டே மின்னசோட்டா மாநிலத்தின் சாவேஜ் முகாமுக்கும், 1944-இல் ஸ்னெல்லிங் கோட்டைக்கும் மாறியது. பெற்றோர் முள்வேலிக்குள் இருக்க, மக்கள் அதே அரசின் படைக்கு மொழி கற்றனர். 1946-க்குள் இப்பள்ளியில் தேறியோர் ஏறத்தாழ 6,000 பேர். பசிபிக் போர்முனையில் கைப்பற்றப்பட்ட ஆவணங்களை மொழிபெயர்த்தவர்கள் இவர்களே. 1944-இல் பிலிப்பைன்ஸ் கடற்பகுதியில் கிடைத்த ஜப்பானியக் கடற்படையின் 'இசட் திட்டம்', பிரிஸ்பேன் மொழிபெயர்ப்பு மையத்தில் இவர்களது துணையால் விரைந்து ஆங்கிலமாயிற்று.

கடற்படையோ நிசெய்களை வீரர்களாகச் சேர்க்க மறுத்தது. ஆனால் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் நடத்திய மொழிப் பள்ளியில் அவர்களையே ஆசிரியராக அமர்த்தியது. டொனால்டு கீன், எட்வர்டு சைடன்ஸ்டிக்கர் ஆகியோர் கடற்படைப் பள்ளியின் மாணவர்கள். இறந்துபட்ட ஜப்பானிய வீரர்களின் நாட்குறிப்புகளைப் படிப்பது கீனின் போர்க்காலப் பணிகளுள் ஒன்று. பகைவரின் கையெழுத்தைப் படிக்கத் தொடங்கியவர் பின்னர் ஜப்பானிய இலக்கியத்தின் தலைசிறந்த மொழிபெயர்ப்பாளர்களுள் ஒருவரானார். 1968-இல் நோபல் பரிசு பெற்ற கவபாதாவை ஆங்கில வாசகர் அறிந்தது சைடன்ஸ்டிக்கரின் மொழிபெயர்ப்புகளால்.

4. தகவலாளரும் ஆசிரியரும்

இவ்விரு பயிற்சிகளும் ஒரே மொழியைக் கையாண்ட விதத்தை ஒப்பிடுதல் பயன்தரும். பெர்னார்டு பிளாக்கும் எலினார் ஜோர்டனும் எழுதிய பேச்சு ஜப்பானியம் ரோமன் எழுத்தில் அமைந்தது. ஜப்பானிய ஒலியன்களைப் பற்றிய பிளாக்கின் பிற்கால ஆய்வுகளுக்கு இப்பணி அடித்தளமாயிற்று. நிசெய் பள்ளியிலோ எழுத்தைப் படிக்கத் தெரியாதவன் பயனற்றவன். முன்னதன் குறிக்கோள் பேசுபவரை உருவாக்குதல். பின்னதன் குறிக்கோள் படிப்பவரையும் மொழிபெயர்ப்பவரையும் உருவாக்குதல்.

தாய்மொழியாளரின் இடமும் இரண்டிலும் வேறுபட்டது. பல்கலைக்கழக வகுப்பில் அவர் தகவலாளர். மொழியின் ஒலியை அவர் தருவார். அதன் அமைப்பை மொழியியலார் கூறுவார். நிசெய் பள்ளியில் தாய்மொழியாளரே ஆசிரியர், பாடநூல் தொகுப்பாளர், அகராதி ஆக்குநர். எனினும் அவர்கள்மீது முழு நம்பிக்கை வைக்கப்பட்டது எனக் கூற இயலாது. 1946 முதல் 1948 வரை டோக்கியோவில் நடந்த போர்க்குற்ற வழக்கு விசாரணையில் மொழிபெயர்த்துக் கூறியோர் ஜப்பானியர். அவர்களைச் சரிபார்த்தோர் பெரும்பாலும் நிசெய்கள். ஐயம் எழுந்தபோது முடிவு கூறியோர் வெள்ளை அமெரிக்க அலுவலர்கள். மொழியறிவு கீழிருந்து மேல் செல்லச் செல்லக் குறைந்தது, அதிகாரம் மிகுந்தது. மொழித் தேர்ச்சியும் நம்பகமும் வேறு வேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டன என்பதற்கு இது சான்று.

5. இந்திய மொழியியலுடன் தொடர்பு

நீலகிரியில் 1930-களில் தோடா, கோத்தா முதலிய மொழிகளைக் களஆய்வு செய்த எம். பி. எமனோ, போர்க்காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வியத்நாமிய மொழிக்குப் பயிற்சி நூல்களும் அகராதியும் ஆக்கினார். கோத்தாவுக்குப் பயன்பட்ட களஆய்வு முறை வியத்நாமியத்துக்கும் பயன்பட்டது. திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை 1961-இல் பரோவுடன் இணைந்து வெளியிட்ட அறிஞரும் இவரே. பிரிட்டனில் இத்தகைய பயிற்சியை இலண்டன் கீழைத்தேய, ஆப்பிரிக்கவியல் பள்ளி ஏற்றது. அங்கு வான்படையினருக்கு விரைவுப் பயிற்சி அளித்த ஜே. ஆர். ஃபர்த், 1934-இல் ஆர்டனின் தமிழ் இலக்கணத்துக்குத் தமிழ் ஒலிப்புப் பற்றிய பின்னிணைப்பு எழுதியவர். அப்பள்ளியில் படைப்பணிக்காகச் சீனம் கற்ற ஹாலிடே, போர்க்காலத்தில் ஓராண்டு இந்தியாவில் பணியாற்றினார்.

போருக்குப் பின் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் 1950-களின் நடுவில் புனே தக்காணக் கல்லூரியில் எஸ். எம். கத்ரே நடத்திய மொழியியல் பள்ளிகளில் ஹோனிக்ஸ்வால்டு முதலியோர் கற்பித்தனர். விளக்க மொழியியல் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பரவ இப்பள்ளிகள் துணைசெய்தன. பேச்சுத் தமிழுக்குப் பாடநூல் எழுதும் முயற்சிகளும் இதன் பின்னரே வலுப்பெற்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மு. சண்முகம் பிள்ளை 1960-களில் எழுதிய பேச்சுத் தமிழ் நூல் குறிப்பிடத்தக்கது.

6. முடிவுரை

பேச்சை முதன்மைப்படுத்திய முறை ஏன் நிலைபெற்றது? முதலாவது, அதனை உருவாக்கியோர் பல்கலைக்கழகத்தார். அவர்கள் நூலாக எழுதினர், மாணவர்களைப் பயிற்றினர். நிசெய் பள்ளியின் பணியோ புலனாய்வைச் சார்ந்தமையால் நெடுங்காலம் மறைபொருளாக இருந்தது. படைத்துறையின் கூட்டுப் பாராட்டு 2000-ஆம் ஆண்டில்தான் அதற்குக் கிடைத்தது. இரண்டாவது, பேச்சு முறைக்கு ஒரு கொள்கை இருந்தது; எழுத்துப் பயிற்சிக்குத் தேவை மட்டுமே இருந்தது. கொள்கை எளிதில் பயணம் செய்யும். அது பயணம் செய்தபோது செறிவு பின்தங்கிவிட்டது. வாரத்தில் மூன்று மணி நேரம் மட்டுமே கிடைத்த பள்ளி வகுப்புகள், திரும்பச் சொல்லும் பயிற்சியை ஏற்றன. நாள் முழுதும் நீளும் பயிற்சி, சிறு குழு, கற்பவரின் உறுதியான நோக்கம் ஆகியவற்றை ஏற்க இயலவில்லை. 1960-களில் கேட்டல்-பேசல் முறைக்கு எழுந்த ஏமாற்றத்திற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபடும் தமிழ் போன்ற மொழிக்கு இவ்வரலாறு நேரடிப் பொருத்தம் உடையது. தமிழைப் பிறருக்குக் கற்பிக்கையில் எவ்வழக்கிலிருந்து தொடங்குவது என்னும் விவாதம் பொதுநிலையில் தீரக்கூடியதன்று. கற்பவர் சந்தையில் பேச வேண்டுமா, நீதிமன்ற ஆவணத்தைப் படிக்க வேண்டுமா, நாவலை மொழிபெயர்க்க வேண்டுமா என்பதே முதற்கேள்வி. வீட்டில் தமிழ் பேசி வளரும் அயலகத் தமிழ்ப் பிள்ளைகளும் எழுத்து வழக்கைத் தனியே கற்கவேண்டிய நிலையிலேயே உள்ளனர் என்பதை, 3,700 பேருள் நூற்றுக்கு மூவரே தேறிய அந்தப் போர்க்கால ஆய்வு நினைவூட்டுகிறது.