ஸ்லீப், ஹைபர்னேட்: பாறசாலை–நெய்யாற்றின்கரை எல்லைப் பகுதியில் கணினியின் ஓய்வுநிலைகள்

திறந்திருக்கும் வேலையை மூடாமலே கணினியை ஓய்வுக்கு அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஸ்லீப் நிலையில் வேலை முழுவதும் ராம் என்ற தற்காலிக நினைவகத்திலேயே தங்குகிறது. ராம் சில்லுகளைச் சுமார் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். அதற்காகச் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஹைபர்னேட்டில் ராமில் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்பட்டபின் கணினி அடியோடு அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கினாலும் வேலை அழியாது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களில் இந்த வேறுபாடு வீட்டுப் பாதுகாப்போடு சேர்ந்தது. சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசியில் வரும் துலாவர்ஷத்திலும் பிற்பகலில் இடி இறங்கும். இடிமின்னலிலிருந்து காக்க மின்கருவிகளின் மின்னிணைப்பைத் துண்டிக்கச் சொல்கிறது கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம். மின்கம்பியில் பாயும் அதிக மின்னழுத்தம் கணினியின் பவர் சப்ளையைக் கருக்கிவிடும் என்பதால் இந்த அறிவுரை மிகச் சரியானது. ஆனால் ஸ்லீப்பில் கிடக்கும் டெஸ்க்டாப்பின் பிளக்கைக் கழற்றினால் அந்த நொடியே ராம் காலியாகிவிடும்.

இந்த நிலைகள் இடிக்கு அஞ்சி உருவானவை அல்ல. மடிக்கணினியின் பேட்டரியைக் காப்பதே முதல் நோக்கம். 1990-இல் இன்டெலின் 386எஸ்எல் சில்லு இதற்கான தனி இயக்கநிலையோடு வந்தது. 1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் ஏபிஎம் என்ற பொதுவிதியை வெளியிட்டன. அதில் முடிவெடுப்பது பெரும்பாலும் மதர்போர்டில் பதிந்த பயாஸ் நிரல். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு நடப்பது முழுதாகத் தெரியாது. கணினி தூங்கி எழாமல் போகும் தொல்லை மலிந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த ஏசிபிஐ, பொறுப்பை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் ஒப்படைத்தது. இன்றும் ஸ்லீப்பை எஸ்3 என்றும் ஹைபர்னேட்டை எஸ்4 என்றும் குறிப்பது அந்த விதியின்படிதான்.

2000-இல் வந்த விண்டோஸ் 2000 ஹைபர்னேட்டைத் தன் சொந்த வேலையாகவே செய்தது. விண்டோஸ் விஸ்டாவில் வந்த ஹைப்ரிட் ஸ்லீப், ராமில் இருப்பதை டிஸ்க்கிலும் எழுதிவிட்டுத் தூங்கும். கரண்ட் போகாவிட்டால் உடனே எழும், போனால் டிஸ்க்கிலிருந்து மீளும். பேட்டரி இல்லாத டெஸ்க்டாப்புக்கு, அதுவும் இடிமழை ஊரில், இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வந்ததில்லை.

இந்த வசதிகள் இங்குள்ள பள்ளிக் கணினிகளுக்கு எப்படி வந்தன என்பதில் மாநில எல்லைக்கோட்டுக்கும் பங்குண்டு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழ்ப் பகுதிகளின் இணைப்புக்குப் போராடிய நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அரை நூற்றாண்டு கழித்து, பள்ளிக் கணினிகளும் அந்தக் கோட்டின் இருபுறமும் வெவ்வேறு வழியில் போயின. கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் கட்டற்ற மென்பொருளை ஏற்று, முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடித்தளமாகக் கொண்ட லினக்ஸைப் பள்ளிகளுக்குத் தந்தது. 2017-இல் கைட் நிறுவனமாக மாறிய பிறகும் அந்த வழி தொடர்கிறது. கேரளத்தின் தமிழ்வழி மாணவர்களுக்கு ஐடி பாடநூல் தமிழிலேயே கிடைக்கிறது. மறுபுறத்தில், 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாட்டு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் வந்தன.

இரண்டு வழியிலும் ஹைபர்னேட்டுக்குச் சிக்கல் இருந்தது. வன்பொருளுக்கு வன்பொருள் அதன் நம்பகத்தன்மை மாறியதால் உபுண்டு 2012-இல், 12.04 பதிப்பில், அதை இயல்பாக மறைத்துவைத்தது. வேண்டியவர்கள், டிஸ்க்கில் ராமுக்கு ஈடான ஸ்வாப் இடம் ஒதுக்கித் தாங்களே இயக்கிக்கொள்ள வேண்டும். இரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் உள்ள கணினியிலோ ஆபத்து வேறு: விண்டோஸை ஹைபர்னேட்டில் விட்டுவிட்டு லினக்ஸில் நுழைந்து விண்டோஸின் டிஸ்க் பகுதியில் (பார்டிஷனில்) எழுதினால், விண்டோஸ் மீளும்போது கோப்புகள் சிதைந்துபோகக்கூடும். விண்டோஸ் 8-இன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வந்தபின் வெறும் ஷட்-டவுன்கூட இந்த ஆபத்தைக் கொண்டுவந்தது. ஷட்-டவுனின்போது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் விண்டோஸின் மையப்பகுதியான கர்னலை மட்டும் ஹைபர்னேட் செய்வதே காரணம்.

அதே 2012-இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் இருட்டில் கிடந்தன. கேரளத்திலும் அரைமணி நேரச் சுழற்சி மின்வெட்டு இருந்தது. சிறு யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும் நிலையில், கரண்ட் போனதும் தானாக ஹைபர்னேட் ஆகும்படி அமைப்பதே வேலையைக் காக்கும் வழி. 4 ஜிபி ராமை நொடிக்கு 100 எம்பி எழுதும் ஹார்ட் டிஸ்க்கில் இறக்க ஏறத்தாழ 40 நொடி போதும். எஸ்எஸ்டியில் அதைவிடக் குறைவு.

ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டும் இன்று பின்னுக்குத் தள்ளப்படுவது வருந்தத்தக்கது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 ஸ்லீப்பே இல்லை. அதற்குப் பதிலாக வந்த மாடர்ன் ஸ்டாண்ட்பை, மூடிய நிலையிலும் இணையத்தோடு பேசிக்கொண்டு பேட்டரியைக் கரைக்கிறது. விண்டோஸ் 10, 11 பவர் மெனுவில் ஹைபர்னேட் பொதுவாகத் தெரியாது; கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், பவர் பொத்தானுக்கான பக்கத்தில் அதை டிக் செய்தால் வரும். இடிமழை நெருங்குமுன்பே ஹைபர்னேட் செய்து, கணினியின் விளக்கு முழுதும் அணைந்ததைப் பார்த்தபின் பிளக்கையும் இணையக் கேபிளையும் கழற்ற வேண்டும். எழுதி முடிக்குமுன் பிடுங்கினால் வேலை மீளாது.