ரபி இல்லாத சபை

கொடுங்கல்லூரிலும், பின்னர் கொச்சி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளா முதலிய ஊர்களிலும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த யூதர்கள், முறைப்படி பட்டம் பெற்ற ரபி என்னும் சமய ஆசிரியர் ஒருவரைத் தலைவராகக் கொண்டு தங்கள் சபைகளை நடத்தியவர்கள் அல்லர். யூத சமயத்தின் அமைப்பை ஓரளவு அறிந்தவர்க்கும் இச்செய்தி வியப்பைத் தரும். கி.பி. 70இல் ரோமானியச் சேனை எருசலேம் ஆலயத்தைத் தீக்கிரையாக்கிய பின், பலியும் பூசையும் நின்றுபோன அச்சமயத்தை வேதக் கல்வி என்னும் அஸ்திவாரத்தின்மேல் மறுபடியும் எழுப்பியவர்கள் ரபிகளே அல்லவா? ஆலயம் அழிவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, யோசுவா பென் கம்லா என்ற பிரதான ஆசாரியர் ஊர்தோறும் ஆசிரியர்களை நியமித்து, ஆறேழு வயதுப் பாலர்களை அவர்களிடம் சேர்க்கும்படி விதித்தார் என்று யூதர்களின் சட்டநூலான தல்மூது கூறுகிறது. ஓர் ஆசிரியரிடம் 25 பிள்ளைகள் பயிலலாம், 40 பேரானால் உதவியாளர் ஒருவர் வேண்டும், 50 பேரானால் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்று கணக்கும் அந்நூலில் உண்டு. கற்பிப்போரும் நியாயம் உரைப்போரும் இன்றி யூத சபை ஒன்று நிலைபெறுதல் அரிது என்பதே பொதுக் கருத்து. மலையாளக் கரையின் சபைகளோ நிலைபெற்றன.

கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், நம் சங்கப் புலவர்கள் பாடிய முசிறியை அடுத்த நிலத்திலே, யூதத் தலைவன் ஜோசப் ரப்பானுக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வட்டெழுத்துச் செப்பேட்டில் பொறித்து அளித்தான். 12ஆம் நூற்றாண்டிலே ஸ்பெயின் தேசத்திலிருந்து புறப்பட்ட பெஞ்சமின் என்ற யாத்திரிகர், கொல்லத்து யூதர்களிடம் மோசேயின் வேதமும் தீர்க்கதரிசிகளின் ஆகமங்களும் உண்டு, தல்மூதும் சிறிதளவு உண்டு என்று எழுதி வைத்தார். அந்தச் ‘சிறிதளவு’ என்பதிலேதான் இச்சபைகளின் நிலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய கலாசாலைகள் பாபிலோனிலும் எகிப்திலும் ஸ்பெயினிலும் இருந்தன; கடலுக்கு இப்பால் இருந்தவர்களுக்கு எட்டியது வேதமும், அதை ஓதும் முறையும், அன்றாட ஆசாரங்களுமே. தீராத வழக்கொன்று எழுந்தால் கடிதம் எழுதிக் கப்பலேற்றினார்கள். 16ஆம் நூற்றாண்டிலே கொச்சிச் சபையில் குலம்பற்றி எழுந்த ஒரு சச்சரவுக்கு, கெய்ரோவிலிருந்த ரபி தாவீது இப்னு சிம்ரா தீர்ப்புரை எழுதி அனுப்பியது சரித்திரம்.

உள்ளூரில் அதிகாரம் பலரிடம் பகிர்ந்திருந்தது. அரசனுக்கும் சமூகத்துக்கும் இடையே நின்றவர், கொச்சி மகாராஜாவின் அங்கீகாரம் பெற்ற முதலியார். ஜெபாலயத்தின் காரியங்களைக் கவனித்தவர்கள் பெரியோர்கள். விதிப்படி ஆடு கோழி அறுப்பவரும் ஜெபத்தை முன்னின்று நடத்துபவரும் ஆசாரங்களைக் காத்தனர். மட்டாஞ்சேரியில் 1615இல் மறைந்த நெகேமியா மோத்தா என்ற பக்தகவியின் சமாதியிலே, பிற மதத்தாரும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்ளும் வழக்கம் இன்றளவும் உண்டு. அத்தகைய மதிப்பும் அவருடைய புலமைக்கும் தூய்மைக்கும் வந்ததேயன்றிப் பதவிக்கு வந்ததன்று.

ரபியின் ஆசனம் வெறுமையாயிருந்த இடத்தை நிரப்பியது எது? பாலர்களின் கல்வியே என்று நான் துணிகிறேன். வேதச் சுருளை வாசிப்பது எளிய காரியமன்று. தோல்மீது மையால் எழுதப்பட்ட அச்சுருளில் மெய்யெழுத்துகள் மட்டுமே உண்டு. உயிர்க்குறியில்லை, நிறுத்தக்குறியில்லை, ஸ்வரக்குறியுமில்லை. குறிகளெல்லாம் அமைந்த புத்தகத்தை முன்னே வைத்துப் பிள்ளை திரும்பத் திரும்ப ஓதி, எந்தச் சொல் எந்த இராகத்தில் ஏறும், எங்கே இறங்கி நிற்கும் என்பதை நாவிலும் செவியிலும் பதியவைத்துக்கொண்ட பின்னரே சுருளின் முன் வந்து நிற்க இயலும். அங்கே கையால் தோலைத் தொடலாகாது. சிறு கோலொன்றால் வரியைத் தொடர்ந்து போக வேண்டும். பொருள் மாறும்படி ஓர் ஒலி பிழைத்தாலும் சுற்றிலும் நிற்பவர்கள் உடனே திருத்துவார்கள். அவன் அச்சொல்லுக்குத் திரும்பிச் சென்று சரியாக ஓதிய பிறகே மேலே நகரலாம். நம் நாட்டில் வேத பாடசாலைகளில் குரு சொல்லச் சீடர் திரும்பச் சொல்லும் ‘சந்தை’யைக் கேட்டவர்களுக்கு இதன் கடுமை எளிதில் விளங்கும். இவ்வாறு சபையிலுள்ள ஒவ்வொருவரும் திருத்தத் தெரிந்தவராயிருக்கும்போது, குருபீடம் ஒருவரிடத்தில் தங்காமல் செவியுள்ள அனைவரிடத்தும் பரவி நிற்கிறது.

கேரளத்து ஜெபாலயங்களின் கட்டடமும் இதற்கு இசைந்தது. மற்ற நாடுகளில் வாசிக்கும் மேடை ஒன்றே. இங்கே கீழே நடுவிலொன்றும், மாடியிலே பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னே மற்றொன்றுமாக இரண்டு உண்டு. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் வேதம் மாடியிலிருந்தே ஓதப்படுவதால், தாய்மார்களும் சிறுமியரும் அதை மிக அருகிலிருந்து கேட்டார்கள். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் எபிரேயம் வாசிக்கக் கற்றார்கள். அதற்குமேல், பெண்களுக்கே உரிய மலையாளப் பாட்டுகளைக் கையேடுகளில் எழுதி, கல்யாண வீடுகளில் பாடித் தங்கள் புத்திரிகளுக்குக் கொடுத்தார்கள்.

இக்கல்விக்கு வேண்டிய நூல்கள் கடல் கடந்து வந்த வரலாறும் உண்டு. 1662இல் டச்சுக்காரருக்குத் துணைநின்ற குற்றத்துக்காகப் போர்த்துகீசியர் மட்டாஞ்சேரி ஜெபாலயத்தைச் சூறையாடினர். அடுத்த ஆண்டே டச்சு ஆட்சி வந்தது. 1686இல் மோசஸ் பெரெய்ரா த பைவா என்பவர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து இச்சமூகத்தைக் கண்டு எழுதிய பின், அந்நகரோடு உறவு வளர்ந்து, நூல்கள் கப்பலில் வரலாயின. 1757இல் கொச்சி வழக்கப்படியான ஜெபநூலே ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது.

இவ்வளவு உயர்ந்த கல்வி ஏற்பாட்டிலே ஒரு பெரும் அநீதியும் கலந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியோர் என்பதால் பரதேசி எனப்பட்ட மட்டாஞ்சேரிச் சபையார், விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததியார் என்று கருதப்பட்டவர்களை உள்ளே உட்கார விடாமல் முன்கூடத்தில் நிறுத்தினர். அவர்களுடைய பிள்ளைகள் எவ்வளவு செம்மையாக ஓதக் கற்றிருப்பினும், வேதம் வாசிக்க அழைப்பதில்லை. அந்த வகுப்பிலே பிறந்து சென்னையில் சட்டம் பயின்ற ஆபிரகாம் பாரக் சேலம், காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். முதலில் இருக்கையும், பின்னர் வேதம் வாசிக்கும் உரிமையும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் படிப்படியாகக் கிடைத்தன. ஓதத் தெரிந்தவனை ஓதவிடாமல் தடுப்பது, கல்வியையே தலைமையாகக் கொண்ட ஒரு சபை தன்னைத் தானே மறுப்பதாகும் என்பதை அவர் உணர்த்திய விதம் என் உள்ளத்தை மிகவும் கவர்கிறது.

உரிமை கிடைத்த சில ஆண்டுகளுக்குள் இஸ்ரவேல் தேசம் உருவாகி, 1950களில் சமூகத்தின் பெரும் பகுதி அங்கே குடியேறியது. நெவாத்தீம் முதலிய சிற்றூர்களில் குடியேறியவர்கள் அங்கும் தங்களுக்கென்று ஜெபாலயம் அமைத்துக்கொண்டார்கள். மட்டாஞ்சேரியிலோ, சுருளைத் திறந்து சபையாக ஓதுவதற்கு விதி கோரும் பத்து ஆண்களைச் சேர்ப்பதே அரிதாயிற்று. வெளியூர் யாத்திரிகர்களையும் கூட்டிக்கொண்டு அந்தத் தொகையை நிரப்ப வேண்டிய நிலை வந்தது.