குளவியின் மோப்பம்

குளவி என்றதும் நம் நினைவுக்கு வருவது அதன் கொடுக்கே. அதன் மோப்பத்தைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. குளவிக்கு மூக்கு ஏது என்று மாணவ நேயர்கள் கேட்கலாம். தலையின் முன்னே இடையறாது அசையும் இரண்டு உணர்கொம்புகளே அதற்கு மூக்கு. அம்மூக்கு எப்பொழுது தொழிற்படுகிறது என்று ஆராய்ந்த ஓர் இளைஞரின் வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

ஹாலந்து நாட்டில் ஹுல்ஸ்ஹார்ஸ்ட் என்னும் ஊரை அடுத்து மணல்வெளி ஒன்று உண்டு. 1929 ஆம் ஆண்டுக் கோடையில் நிக்கோ டின்பெர்கன் அங்கே ஒருவகைக் குளவிகளைக் கவனிக்கத் தொடங்கினார். மணலில் வளை தோண்டி, தேனீக்களைப் பிடித்து வந்து தன் குஞ்சுப் புழுக்களுக்கு இரையாக வைக்கும் இனம் அது. தேனீயை அஃது அறிவது கண்ணாலா, மோப்பத்தாலா? அவர் கண்ட விடை, இரண்டில் ஒன்று என்று கேட்பதே பொருந்தாது என்பதாகும்.

கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்த தேனீயின் மணத்தை, இரை தேடிப் பூவுக்குப் பூ பறக்கும் குளவி பொருட்படுத்தவே இல்லை. ஆனால் தேனீயின் அளவில் ஏதேனும் ஒன்று அசைந்தால் போதும், உடனே திரும்பும். அப்பொருளின் மேல் பட்டு வரும் காற்று தன்மீது வீசும் பக்கமாகச் சென்று, 10 முதல் 15 சென்டிமீட்டர் தொலைவில் அந்தரத்தில் நிற்கும். மோப்பம் விழித்துக்கொள்வது அப்பொழுதுதான். தேனீயின் மணம் வந்தால் பாயும். வராவிட்டால் விலகிச் செல்லும். மணமூட்டிய போலிப் பொருளையும் அது பாய்ந்து பற்றியது. ஆயினும் கொட்டவில்லை! கொடுக்கை ஏவுவது வேறொரு புலன். அது தொடுவுணர்ச்சியாக இருக்கலாம். இயல்பூக்கம் என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடும் செயல், இங்ஙனம் படிப்படியாகப் பிரிந்து நின்றது. 1973 இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் டின்பெர்கனும் ஒருவர்.

தேனீயையாவது கண்ணால் காணலாம். இலைகளுக்கிடையே ஒளிந்து பயிரைத் தின்னும் புழுவின் உடலில் முட்டையிடும் சிறு குளவிகள் என் செய்யும்? அவை உழவனிடம் கூலி கேளாத காவலர்கள். புழுவுக்குத் தெளிக்கும் நஞ்சில் அவையும் மடிவதுண்டு. புழுவோ தன் மணத்தைப் பரப்பித் தானே அழிவைத் தேடிக்கொள்ளாது. 1990 இல் அமெரிக்காவில் டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் என்ற ஆய்வாளர்கள் இளம் மக்காச்சோளப் பயிர்களைக் கொண்டு இப்புதிரை அவிழ்த்தனர். இலையை வெறுமனே கீறினால் பயிர் வெளியிடும் மணம் சிறிது. கீறிய இடத்தில் புழுவின் வாய்நீரைத் தடவினால், சில மணி நேரத்தில் மணம் பெருகியது. குளவிகள் அதனை நாடி வந்தன. பயிரைத் தூண்டும் அப்பொருளைப் புழுவின் வாய்நீரிலிருந்து பிரித்தெடுத்து, 1997 இல் அதற்கு வோலிசிட்டின் என்று பெயரிட்டார்கள்.