மின்மிதிவண்டிப் பேட்டரி: ஈயம் முதல் லித்தியம் வரை

மின்சாரத்தில் ஓடும் மிதிவண்டி பெட்ரோல் காரைவிட வயதில் மூத்தது. கார்ல் பென்ஸ் தம் காருக்குக் காப்புரிமை கோரியது 1886இல்; அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1881இல், குஸ்தாவ் துரூவே மோட்டார் பொருத்திய மூன்று சக்கர மிதிவண்டியைப் பாரீஸ் தெருவில் ஓட்டிக் காட்டிவிட்டார். 1895இல் அமெரிக்கரான ஆக்டன் போல்டன் பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் அமைந்த வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஹப் மோட்டாரின் அடிப்படை அதுவே. இருந்தும் நூறாண்டுக் காலம் அந்த வண்டி பெரிதாகப் பரவவில்லை. அதற்கு முக்கியக் காரணம் பேட்டரி.

அன்று கிடைத்தது 1859இல் காஸ்தோன் பிளான்டே உருவாக்கிய ஈய பேட்டரி. கந்தக அமிலத்தில் நிற்கும் ஈயத் தட்டுகள் மின்சாரம் தரத்தர ஈய சல்பேட்டாக மாறும். சார்ஜ் ஏற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும். இறங்கிய நிலையிலேயே போட்டு வைத்தால் சல்பேட் இறுகிப் படிகமாகி, பிறகு கரையாது. அதனால்தான் ‘ஓட்டி வந்ததும் சார்ஜில் போடு, நிரப்பியே வை’ என்ற விதி பிறந்தது. யமஹா 1993இல் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட ‘பாஸ்’ வண்டியிலும், தொண்ணூறுகளின் இறுதியில் சீன நகரங்களில் பெருகிய வண்டிகளிலும் இருந்தவை ஈய பேட்டரிகளே. இந்தியாவில் ஓடிய தொடக்ககால மின் ஸ்கூட்டர்கள் பலவும் அப்படித்தான்.

ஈய பேட்டரியில் ஓடும் 48 வோல்ட் வண்டியில் பொதுவாக நான்கு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். வண்டி பாதி வழியில் திணறினால் நான்கும் போய்விட்டன என்று பொருளல்ல. சும்மா நிற்கும்போது நான்கும் 12.7 வோல்ட் காட்டும். மோட்டார் இழுக்கும்போது ஒன்று மட்டும் 10.5க்குக் கீழே சரியும். மெக்கானிக் மல்டிமீட்டரில் தேடுவது அதைத்தான். அதை மட்டும் மாற்றினால், தேய்ந்த மூன்றோடு சேர்ந்த புதியதும் விரைவில் கெடும்.

இடையில் வந்த நிக்கல்–காட்மியம் பேட்டரி வேறொரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மட்டும் இறக்கி ஏற்றினால் அது அந்த அளவோடு தளர்ந்துவிடும் என்பதால், முழுக்கத் தீர்த்துவிட்டுச் சார்ஜ் ஏற்றும்படி அறிவுரை சொல்லப்பட்டது. ஈய பேட்டரிக்கு அது நேர் எதிரானது.

லித்தியம் அயன் பேட்டரிக்கு இந்த இரண்டு விதிகளுமே பொருந்தா. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் கண்ட கோபால்ட் ஆக்சைடு மின்முனையைக் கொண்டு அகிரா யோஷினோ 1985இல் பாதுகாப்பான பேட்டரியை வடிவமைத்தார். 1991இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதன் கிராஃபைட் முனையில் முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் உருவாகும். அது முனையைக் காப்பதுதான்; ஆனால் மெல்ல மெல்லத் தடித்து லித்தியத்தைத் தின்றுகொண்டே இருக்கும். வண்டி சும்மா நின்றாலும் இது நடக்கும். நிறைந்த சார்ஜும் சூடும் சேர்ந்தால் வேகம் கூடும். ஏற்றி இறக்கும்போதெல்லாம் மின்முனைத் துகள்கள் உப்பிச் சுருங்கி விரிசல் விடுவது இன்னொரு தேய்மானம்.

எனவே அன்றாடம் 20 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருப்பது, வெயிலில் ஓட்டி வந்த வண்டியை ஆறவிட்டுச் சார்ஜ் போடுவது, வாரக்கணக்கில் எடுக்காவிட்டால் பாதி சார்ஜில் நிழலில் நிறுத்துவது ஆகியவை ஆயுளைக் கூட்டும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் முழுச் சார்ஜோடு நிறுத்துவதைவிட மோசமான பழக்கம் இல்லை. பழைய சார்ஜரை மாட்டுவது ஆபத்து: 13 செல் அடுக்கிய 48 வோல்ட் லித்தியம் பேட்டரியின் உச்சம் 54.6 வோல்ட், ஈய பேட்டரி சார்ஜரோ 58 வோல்ட்டுக்கு மேல் தள்ளும்.

மின்வண்டிகளுக்கு மானியம் தரும் இந்திய அரசின் ஃபேம் திட்டத்தின் 2019ஆம் ஆண்டுக் கட்டத்தில் ஈய பேட்டரி வண்டிகளுக்கு மானியம் இல்லை என்றானபின் லித்தியத்தின் இடம் உறுதியானது. அதிலும் இப்போது பரவும் இரும்பு பாஸ்பேட் வகை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதன் வோல்ட் அளவு நெடுநேரம் ஒரே நிலையில் நிற்பதால் மீட்டருக்குக் கணக்குத் தப்பும்; அதைச் சரிசெய்ய அவ்வப்போது 100 சதவீதம் வரை ஏற்றும்படி தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.